ஜோசியர் ஒதுக்கிய இருக்கை

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது, புயல் மேகத்துக்குள் மாட்டினால் என்ன செய்வது என்பதையெல்லாம் சிமுலேட்டரில் உட்கார வைத்து வியர்க்க வியர்க்கச் சொல்லித் தந்துவிடுவார்கள். வீட்டிலிருந்து வேலைக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை இருக்கிறது? அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் வீடு புனேயில், தாபோடியில். வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவ வேலைக்கு வந்த அப்பா திரும்பிப் போகவில்லை, நாங்களும் போகவில்லை. மனைவிக்கு பிம்ப்ரியில் வங்கி வேலை. கம்பெனி எனக்குக் கொடுத்த தளமோ பெங்களூரு. தளம் என்றால் நம் வேலை தொடங்கும் ஊர், அங்கே போய்க் கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம். அங்கேயே குடிவந்துவிடு என்று கம்பெனி சொல்லாமல் சொன்னது. "நீங்க வேணா போங்க" என்று மனைவி வாய்விட்டே சொன்னாள். அதனால் பல வருடங்கள் பயணியாக ஒரு விமானத்தில் போய் இறங்கி, விமானியாக இன்னொன்றில் ஏறிக்கொண்டிருந்தேன். உங்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான் நடக்கப்போகிறது.

இதற்காகக் கம்பெனி ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. ஊழியர்கள் கைபேசியிலேயே காலி இருக்கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். இடம் இல்லை என்று அது காட்டிய விமானங்கள் பாதி காலியாகப் போயின. இடம் உறுதி என்று அது பச்சைக் குறி போட்ட விமானங்களில் நிற்கக்கூட இடம் இருக்காது. சில நாள் சொன்னது பலிக்கவும் செய்தது, அதுதான் பெரிய தொல்லை. முழுப் பொய்யனை ஒதுக்கிவிடலாம், பாதிப் பொய்யனோடு குடித்தனம் நடத்த முடியாது. தமிழ் பேசும் நாங்கள் அதற்கு ஜோசியர் என்று பெயர் வைத்தோம்.

புனேயில் இன்னொரு சங்கதியும் உண்டு. அங்கே ஓடுபாதை விமானப்படையுடையது, நாம் ஒண்டிக்குடித்தனம்தான். வீட்டுக்காரர்கள் பறக்கும் நேரத்தில் நாம் ஓரமாக நிற்க வேண்டும். ஆகவே ஒரு விமானம் தவறினால் அடுத்தது உடனே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

சின்னதாக ஒன்று சொல்லிவிட்டுப் பெரியதற்கு வருகிறேன். என் சக கேப்டன் ஒருவர், ஜோசியர் கொடுத்த இருக்கையில் சீருடையோடு போய் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார். கடைசி நிமிடத்தில் அந்த இருக்கைக்குக் காசு கொடுத்த பயணி வந்து நின்றார். நம் ஆள் எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கிப் போனார். நான்கு கோடு போட்ட தோள்பட்டையோடு ஒரு ஆள் புறப்படும் விமானத்தை விட்டு இறங்கினால் பயணிகள் என்ன நினைப்பார்கள்? மூன்றாம் வரிசையில் ஓர் அம்மாள் "அரே, பைலட் உதர் கயா!" என்று கத்த, பைலட்டே இறங்கிவிட்டார் என்று நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அவர்களை உட்கார வைக்கவே வெகுநேரம் பிடித்ததாம். ஓசியில் பயணம் போகும்போது சீருடைக்கு மேல் ஒரு சாதாரண ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் காலமானாலும் சரி.

இனிப் பெரியது.

நிவேதா என்று ஒரு துணை விமானி. கோயம்புத்தூர்ப் பெண். கணவருக்குப் புனேயில், ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை, இரண்டு வயதில் ஒரு குழந்தை. வேலையில் சேர்ந்து இன்னும் உறுதி ஆகவில்லை. ஜோசியர் புண்ணியத்தில் ஏற்கனவே இரண்டு முறை வேலைக்கு வந்து சேர முடியாமல் அவள் பெயரில் இரண்டு கரும்புள்ளிகள் இருந்தன. மூன்றாவது விழுந்தால் விசாரணை, அதன்பின் பெரும்பாலும் வீடுதான். பைலட் படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் தலைக்கு மேல் இருந்தது. இதெல்லாம் அவளே என்னிடம் சொன்னது.

அன்று சாயங்காலம் பெங்களூருவிலிருந்து கல்கத்தா போகும் விமானம் எங்கள் இருவருக்கும். நான் கேப்டன், அவள் துணை. காலையில் புனே விமான நிலையத்தில் சந்தித்தோம். முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, தூங்கலையா?"

"பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க சார். ராத்திரியெல்லாம் தோள்லயே கெடந்தா. இப்பப் பரவால்லீங்க. ஃப்ளைட்ல தூங்கிக்குவேன், போய்ச் சேர்ந்ததும் ரூம்லயும் படுத்துக்குவேன்."

முதல் நாளே கிளம்பியிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். காய்ச்சல் குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாய் முதல் நாளே கிளம்புவாள்? நானே முந்தின நாள்தான் வேறொரு டூட்டி முடித்து வீட்டுக்கு வந்திருந்தேன்.

ஜோசியர் எங்கள் இருவருக்கும் பச்சைக் குறி போட்டிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் தன் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "தும்ச்ச நாவ் நாஹியே, சர்." எங்கள் பெயரே அங்கே இல்லை. விமானம் நிறைந்துவிட்டது.

இப்போது நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விமானி அறையில் ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால் மடக்கு இருக்கை ஒன்று இருக்கும். அதில் கம்பெனி விமானி ஒருவர் போகலாம், ஆனால் அந்த விமானத்தின் கேப்டன் சம்மதிக்க வேண்டும். மென்பொருள் ஆயிரம் சொல்லட்டும், அறை வாசலில் நேரில் போய் நின்று, பெயரைச் சொல்லி, "வரலாமா, கேப்டன்?" என்று கேட்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நான் அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவளையாவது அனுப்பிவிடலாம் என்று எண்ணம். கேப்டன் திரும்பிப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினார். மடக்கு இருக்கையில் விமானிகள் ஓட்டுவதைச் சோதிக்கும் பரிசோதகர் ஒருவர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த விமானத்தில் தாராளமாக இடம் இருப்பதாக ஜோசியர் சொன்னார். அதுவும் நிறைந்து போயிற்று. அதற்கடுத்தது படை விமானங்கள் பறந்து முடித்த பிறகுதான், அதில் போனால் நேரத்துக்குச் சேர முடியாது.

"மும்பை போயிரலாங்களா சார்?" என்றாள் நிவேதா. எனக்கும் அதுதான் தோன்றியது. மும்பையிலிருந்து பெங்களூருவுக்குக் காசு கொடுத்தே இரண்டு டிக்கெட் போட்டோம், வேறொரு கம்பெனியில். டாக்ஸி பிடித்தோம். கண்டாலா இறக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "காட்டாத் டிரக் பல்ட்டி ஜாலாய், சாஹேப்" என்றார். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்திருந்தது. மழை வேறு. நிவேதா பின்சீட்டில் நுனியில் உட்கார்ந்து, முன்சீட்டைக் கையால் தள்ளிக்கொண்டே வந்தாள். அவள் தள்ளித்தான் வண்டி நகர வேண்டும் போல.

"கொஞ்சம் கண்ண மூடும்மா."

"மூடுனா கரும்புள்ளிதாங்க சார் தெரியுது."

அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே நானும் தூங்கவில்லை. மும்பை விமானத்தை எப்படிப் பிடித்தோம் என்று விவரித்தால் நம்ப மாட்டீர்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினோம், அவ்வளவுதான். அந்த விமானத்தில் அவளுக்கு நடு இருக்கை. ஒரு பக்கம் பச்சைக் குழந்தை, மறுபக்கம் பேசி ஓயாத மனிதர். பெங்களூருவில் இறங்கி, பொழுது சாய ஆரம்பித்த நேரத்தில், கையெழுத்துப் போட வேண்டிய நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றோம். ரூமும் இல்லை, படுக்கையும் இல்லை.

"வந்துட்டோம் சார்!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தாள். எனக்கும் ஜெயித்த சந்தோஷம். கல்கத்தாவை மறந்தே போயிருந்தோம். கவனியுங்கள், இந்தத் தவறை நம்மைப் போல ஊர்விட்டு ஊர் போய் வேலை பார்க்கும் விமானிகள்தான் செய்வோம். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் சேர்ந்து, வந்து சேர்ந்ததே வேலை என்று நம்ப வைத்துவிடும். வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

புறப்படுவதற்கு முன் வானிலை, எரிபொருள் எல்லாம் பார்க்கும் அறையில் உட்கார்ந்தோம். நிவேதா கல்கத்தா வானிலையைப் படித்தாள். இறங்கும் நேரத்தில் இடிமழை, காற்று குறுக்கே. நான் எரிபொருள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "கல்கத்தாவுல காத்து எப்படி?" என்று கேட்டேன். சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். முதல் தடவை சொல்வதுபோலவே அவளும் சொன்னாள்.

எதிரே காகிதங்களைக் கொடுத்துக்கொண்டிருந்த அலுவலர் தயங்கித் தயங்கி, "சார், அவங்க இப்ப மூணாவது தடவை சொல்றாங்க" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். ஏற்கனவே கேட்டது எனக்கு நினைவில்லை. மூன்று முறை சொன்னது அவளுக்கும் நினைவில்லை. இடிமழைக்குள் குறுக்குக் காற்றில் இறக்க வேண்டிய இரண்டு பேர் நாங்கள்.

"சிஸ்டத்துல ரெண்டு பேரும் ஓகேதான் சார். முழு ஓய்வுல இருக்கீங்கன்னு காட்டுது" என்றார் அலுவலர், உதவி செய்கிற குரலில். உண்மைதான். டூட்டி நேரம் கையெழுத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் நீங்கள் கண்டாலா மலையில் மழையில் நின்றாலும், சட்டத்தின் கண்ணில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் போனை எடுத்தேன். ஆட்களை விமானங்களுக்கு ஒதுக்கும் பிரிவைக் கூப்பிட்டு, எனக்குப் பறக்கும் தகுதி இல்லை, களைப்பு, மாற்றுக் கேப்டனை அனுப்புங்கள் என்றேன். மறுமுனையில் இருந்தவருக்குக் கோபம். "வந்தே சேர்ந்துட்டீங்களே கேப்டன், ஏறி உட்கார வேண்டியதுதானே?" பிறகு கேட்டார்: "துணை விமானி ஃபிட்தானே? அவங்க புதுக் கேப்டனோட போகட்டும்."

இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். அவள் சார்பில் நானே பதில் சொல்லியிருக்கலாம். நான் விலகிவிட்டேன், இனி அவளுக்கு நான் கேப்டன் இல்லை என்று கைகழுவியும் இருக்கலாம். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் ஃபிட் என்று சொன்னால், வரப்போகும் கேப்டனிடம் நான் பார்த்ததைச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. "அவங்களையே கேளுங்க" என்று போனை அவளிடம் நீட்டினேன்.

வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனை பேசுவது எனக்கும் கேட்டது. இரண்டு முறை 'ஹலோ' என்றார். அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபிட் இல்லீங்க சார்" என்றாள். போனைத் திருப்பித் தந்தாள்.

மாற்று ஆட்கள் வந்து விமானம் தாமதமாகக் கிளம்பியது. பயணிகள் கத்தினார்கள், கம்பெனியும் கத்தியது. நாங்கள் இருவரும் ஓய்வறையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். அவள் குடிக்கவில்லை. அழவும் இல்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க சீக்கிரமே ரிட்டயர் ஆகப்போறீங்க சார். உங்களுக்கு இது சுலபமுங்க. எனக்கு மூணாவது."

சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. சரியானதைச் செய்ய ஆகும் விலை ஆளுக்கு ஆள் ஒன்றாக இருப்பதில்லை. மூத்தவர்களாகும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

சில நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தலைமை விமானியின் அறை. அவர் பஞ்சாபிக்காரர், இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசுவார், நான் தமிழில் சொல்கிறேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"காலை விமானத்தில் ரெண்டு பேரும் புனேயிலிருந்து வந்திருக்கீங்க. மதியத்துக்கு முன்னாடியே பெங்களூரு வந்தாச்சு. சாயங்காலம் வரை ஓய்வு. அப்புறம் களைப்புன்னா என்ன அர்த்தம்? ஊர் சுத்தினீங்களா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பச்சைக் குறி போட்ட எல்லோரையும், விமானம் கிளம்பியதும், பயணம் செய்துவிட்டதாக ஜோசியர் தானே குறித்துக்கொண்டிருந்தார். எங்களை ஏற்றாத விமானத்தில் நாங்கள் வந்து இறங்கியிருந்தோம். நிவேதாவின் முகம் வெளுத்துவிட்டது. கரும்புள்ளி போய், இப்போது பொய் சொன்னவள் என்ற பெயர். அதற்கு விசாரணைகூடத் தேவையில்லை, நேரே வீடுதான்.

"அந்த விமானத்தோட கேப்டனைக் கேளுங்க சார்" என்றேன். "அவர் வாசல்ல போய் நின்னு இடம் கேட்டோம்."

போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கூப்பிட்டார். அந்தக் கேப்டன் யோசிக்கவே இல்லை. "ஆமா, ரெண்டு பேரும் வந்தாங்க. பரிசோதகர் உட்கார்ந்திருந்தார், முடியாதுன்னு அனுப்பிட்டேன். பாவம், அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்தது."

தலைமை விமானி கம்ப்யூட்டர் திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். அப்படியும் விடவில்லை. நிவேதாவைப் பார்த்துக் கேட்டார்:

"கேப்டன் முதல்ல சொல்லாம இருந்திருந்தா, நீ சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்லிவிடம்மா என்று என் மனம் அடித்துக்கொண்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் உண்மையைவிட அவள் வேலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"இல்லீங்க சார்" என்றாள். "பறந்திருப்பேன். மூணாவது புள்ளிக்குப் பயந்துட்டு இருந்தேன்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேஜை மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

"இன்னைக்கு டூட்டி இருக்கா உனக்கு?"

"சாயங்காலம் இருக்குங்க சார். அகமதாபாத்."

"எப்ப வந்தே?"

"நேத்தே வந்துட்டேனுங்க. ஹோட்டல்ல தங்கினேன்."

"அப்போ ஃபிட்."

அது கேள்வியா, முடிவா என்று தெரியாத மாதிரி சொன்னார். தலையாட்டியிருந்தால் போதும். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை யாரும் அவளுக்கு முந்திப் பேசவில்லை.

"இல்லீங்க சார்" என்றாள் நிவேதா. "ராத்திரி பூரா இந்த விசாரணையையே நினைச்சுட்டிருந்தேன். ஒரு பொட்டுத் தூக்கமில்லீங்க."

தலைமை விமானி போனை எடுத்தார். அகமதாபாத் விமானத்துக்கு வேறு துணை விமானியைப் போடச் சொன்னார். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "தூக்கமில்லை. அவங்களே சொன்னாங்க, அதுக்குப் புள்ளி கிடையாது. முன்ன போட்ட மூணும் அந்த மென்பொருளை நம்பிப் போட்டது, எடுத்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு அவளிடம் சொன்னார்:

"போய்ப் படு. உன் வேலையை உறுதி பண்ற காகிதத்துல நாளைக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். நேத்து நானும் சரியாத் தூங்கல."